திரும்பி வந்த கேமராக்கள்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பல்லம்மாவுக்குப் படுக்கையில் இருப்புக் கொள்ளாது. மற்ற நாட்களில் கணவர் உலுக்கி எழுப்பினாலும் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறவள், அன்றைக்கு மட்டும் ஜன்னல் வெளுப்பதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். மேம்பாலத்துக்கு அடியில் கூடும் பழைய சாமான் சந்தைக்கு முதல் ஆளாகப் போய்ச் சேராவிட்டால், தனக்கென்று வந்த ஏதோ ஒன்றை வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவளுக்கு ஒரு பதைப்பு. அந்த ஏதோ ஒன்று என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. பார்த்தால் தெரிந்துவிடும் என்பாள்.

பல்லம்மா என்பது சந்தை வைத்த பெயர். பல் செட் செய்யும் லேப் ஒன்றில் அவளுக்கு வேலை. மெழுகில் ஈறு வடித்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு வரிசை பார்ப்பாள். நகக்கண்ணில் எந்நேரமும் கொஞ்சம் ரோஸ் நிற மெழுகு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து ஒரு வியாபாரி விசாரிக்கப் போக, பழைய பூட்டு விற்கிறவரிலிருந்து உடைந்த குடை விற்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் பல்லம்மா ஆகிவிட்டாள்.

வீட்டில் அவள் சேர்த்து வைத்திருந்தவை வகைதொகை இல்லாதவை. கதவுக் கைப்பிடிகள், மருந்துக்கடைத் தராசுகள், மூடி இல்லாத பிஸ்கட் டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். பொறுமைசாலி. "இன்னும் ஒரு சாமான் உள்ள வந்துச்சுன்னா சொல்லிடு, நான் லிஃப்ட்லயே குடியிருந்துக்கிறேன். அங்கயாவது எத்தனை பேர் ஏறலாம்னு எழுதிப் போட்டிருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இந்தப் பைத்தியம் அப்பாவிடமிருந்து ஒட்டியது. அப்பா கேமரா சேர்த்தவர். சரக்கு ஆபீசில் குமாஸ்தா வேலை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. பல்லம்மா சின்னவளாக இருந்தபோது அவளையும் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துச் சந்தைக்குக் கூட்டிப் போவார். துருத்தி மாதிரி விரிகிற கேமரா, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டிய இரட்டைக்கண் கேமரா, தீப்பெட்டியை விடக் கொஞ்சமே பெரிதான உளவாளிக் கேமரா என்று எல்லாம் வீட்டுக்கு வந்தன. அப்பா போன பிறகு அம்மா, பல்லம்மாவின் தம்பி வீட்டில் இருந்தாள். கேமராக்களும் அவற்றின் கண்ணாடி அலமாரிகளும் அம்மா கூடவே போய், அவள் அறையின் மூன்று சுவர்களையும் அடைத்துக்கொண்டன. நாலாவது சுவரோரம் அம்மாவின் கட்டில். அதற்கும் அலமாரிக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். பல்லம்மா எப்போது போனாலும் முதலில் அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் சாப்பிட்டாயா என்று கேட்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அது நடந்தது. ஒரு ஞாயிறு காலை, தொப்பிக்காரர் தன் தார்ப்பாயை விரித்து மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வெயிலோ மழையோ தலையில் ஒரு கம்பளித் தொப்பி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சந்தையில் நல்ல சரக்கு அவரிடம்தான் முதலில் வரும் என்பதால் பல்லம்மா தினுசு தினுசாகப் பேச்சுக் கொடுத்து அவர் பக்கத்திலேயே நிற்பாள். மூட்டையிலிருந்து ஒரு ரேடியோ வந்தது, ஒரு பித்தளை மணி வந்தது, அப்புறம் பழுப்புத் தோலுறை போட்ட ஒரு கேமரா வந்தது. உறையின் மூடியைப் பிடித்திருந்த பொத்தான் உறைக்குச் சம்பந்தமே இல்லாத சாம்பல் நிறப் பொத்தான்.

பல்லம்மா குனிந்து பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள். அது அவளுடைய பள்ளிக்கூடக் கோட்டுப் பொத்தான். உறையின் பொத்தான் அறுந்தபோது அப்பா, அவள் வளர்ந்து போட முடியாமல் கிடந்த கோட்டிலிருந்து ஒன்றைப் பிய்த்து, தூண்டில் நரம்பால் தைத்தார். அந்த நரம்பு முடிச்சு இன்னும் அப்படியே இருந்தது.

"அண்ணே, இது எங்கேருந்து வந்துச்சு?"

தொப்பிக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்ன பல்லம்மா, புதுசா கேக்கறீங்க. வந்த இடத்தைச் சொல்ற வழக்கம் நம்மகிட்ட இல்லையே. சாமான் புடிச்சிருக்கா, எடுத்துக்கோங்க."

"திருட்டுச் சாமான் இல்லையே?"

"என் மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியுதா?" அவர் கேமராவைத் திரும்ப மூட்டைக்குள் வைக்கப் போனார். பல்லம்மா பேரம்கூடப் பேசாமல் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பேரம் பேசாத பல்லம்மாவை முதல் தடவையாகப் பார்த்த பக்கத்துக் கடைக்காரர், உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனாள். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அலமாரிக் கண்ணாடிகளுக்கு முன்னால் பழைய ஜன்னல் திரைகள் தொங்கின.

"இது எதுக்கும்மா திரை?"

"வெயில் அடிக்குது. தோல் எல்லாம் வெடிச்சுப் போவுதுன்னு உங்கப்பாதான் சொல்லுவாரே."

"சாவியக் குடேன், ஒரு தடவை பாத்துடறேன்."

"எங்க வெச்சேன்னு ஞாபகம் இல்ல. தேடித் தரேன், இப்ப என்ன அவசரம்" என்று அம்மா பேச்சைத் திருப்பி, லேபில் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாள். அம்மா இதுவரை ஒருநாளும் லேபைப் பற்றிக் கேட்டதில்லை. அந்த நேரம் தம்பி மனைவி வேலையிலிருந்து வந்தாள். சலவைக் கடை ஒன்றின் கவுண்டரில் இருந்தாள். தோளில் மாட்டியிருந்த பெரிய துணிப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "வாங்க அண்ணி" என்று சொல்லி, நின்று பேசாமல் அடுப்படிக்குப் போனாள். பல்லம்மாவின் கண் பையிலேயே இருந்தது. அம்மாவின் கட்டிலுக்கு அடியில் மருமகளின் பைக்கு என்ன வேலை?

அதற்குப் பிறகு அவளுக்கு ஞாயிறு மட்டும் அல்ல, எந்தக் கிழமையும் நிம்மதி இல்லாமல் போயிற்று. அடுத்த வாரம் உளவாளிக் கேமரா சந்தைக்கு வந்தது. அதற்கடுத்த வாரம் துருத்திக் கேமரா, பிறகு இரட்டைக்கண்ணும் ஒரு கறுப்புப் பெட்டிக் கேமராவும். ஒவ்வொன்றையும் வாயைத் திறக்காமல் வாங்கினாள். வீட்டுக்குக் கொண்டு போனால் கணவர் கேட்பார் என்று லேபில், பிளாஸ்டர் தாடைகள் அடுக்கியிருக்கும் அலமாரியின் பின்வரிசையில் ஒளித்து வைத்தாள். வெள்ளைத் தாடைகளுக்கு நடுவே கேமராக் கண்கள் எட்டிப் பார்த்தன. வேலை ஓடவில்லை. ஒரு பெரியவரின் செட்டில் முன்பல்லைக் கோணலாக நட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அம்மாவுக்குத் தெரியாமல், அம்மாவின் தலைமாட்டிலிருந்தே அப்பாவின் சாமான் போய்க்கொண்டிருக்கிறது என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி ஒரு வெள்ளந்தி, அவன் கண்ணில் மண்ணைத் தூவுவது சுலபம். அம்மாவுக்கோ கண் மங்கிவிட்டது. மிச்சம் யார்?

சந்தேகத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கண்ணாலேயே பார்க்கும்படி ஆகிவிட்டது. ஒரு வேலை நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் தொப்பிக்காரரின் கிடங்கைத் தேடிப் போனாள். பஸ் டிப்போவுக்குப் பின்னால், இழுத்து மூடும் இரும்புக் கதவு போட்ட ஒற்றை அறை அது. எதிரில் இருந்த டயர் கடையின் ஓரமாக நின்று, உள்ளே போய் என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, சலவைக் கடைச் சீருடையான நீலச் சட்டை தெருமுனையில் தெரிந்தது. தம்பி மனைவி தோள் ஒரு பக்கம் சாய, அதே துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வெறும் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, வலித்த தோளைத் தேய்த்துவிட்டபடி நடந்தாள்.

கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். ஆனால் பல்லம்மா டயர்களுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். தெருவில் வைத்துக் கேட்டால் சாக்குச் சொல்லித் தப்பித்துவிடுவாள், எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நேரா உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா என்ன?"

"அம்மா மனசு உடைஞ்சு போயிடும். அதெல்லாம் அவங்களுக்கு உசுரு. அப்பா ஞாபகமா இருக்கறதே அது ஒண்ணுதான்."

"உங்கம்மா அப்படிச் சொன்னாங்களா?"

"சொல்லணுமா என்ன?"

அவர் அடுத்த ஸ்பானரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை மதியம் தம்பிக்கு லீவு. பல்லம்மா கணவரையும் கூட்டிக்கொண்டு, சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். கணவர் கையில் இரண்டு கனமான பைகள். சாப்பிட உட்கார்ந்தார்கள். தம்பி ஏதோ வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தான், யார் காதிலும் ஏறவில்லை. பல்லம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பாதியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அம்மாவுக்கு எதிரே மேஜையில் பைகளைத் திறந்தாள். தோலுறைக் கேமரா, துருத்திக் கேமரா, உளவாளிக் கேமரா, இரட்டைக்கண், கறுப்புப் பெட்டிக் கேமரா என்று ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தினாள்.

"அம்மா, நீ பயப்படாதே. எல்லாத்தையும் திரும்ப வாங்கிட்டேன். ஒண்ணுகூட வெளியே போகல."

அம்மா மேஜையைப் பார்த்தாள். பல்லம்மா எதிர்பார்த்த கண்ணீர் வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவள்போல அம்மாவின் தோள்கள் மெல்ல இறங்கின.

"என்னக்கா இது?" என்றான் தம்பி. "அப்பாவோடது இல்ல?"

"அதை உன் பொண்டாட்டியக் கேளு." பல்லம்மா தம்பி மனைவி பக்கம் திரும்பினாள். "ஏம்மா, உனக்கு என்ன தேவைன்னாலும் எங்கிட்ட கேட்டிருக்கலாம் இல்ல? எங்க வீட்டுச் சாமானை இப்படிப் பையில கட்டித் தூக்கிட்டுப் போய் விக்கற அளவுக்கு என்ன வந்துச்சு? என் கண்ணால பாத்தேன். டிப்போ பின்னால."

தம்பி மனைவி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றது. முகம் சுண்டிப் போயிற்று. அவள் அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, நான்தான் கொண்டு போனேன்" என்று மட்டும் சொன்னாள்.

"பாத்தியா, ஒத்துக்கிறா."

"வாயை மூடு" என்றாள் அம்மா.

அம்மா குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து பிள்ளைகள் இருவரும் கேட்டதே இல்லை.

"அவ கொண்டு போனா. நான்தான் குடுத்தேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டதும் நான்தான். அவ பாட்டுக்கு வேலைக்குப் போற பொண்ணு, எனக்காக இந்த இரும்பைத் தூக்கித் தூக்கித் தோள் போச்சு. ஒண்ணொண்ணா, உங்க யாருக்கும் தெரியாம வெளியே அனுப்பிக்கிட்டிருந்தேன். நீ என்னடான்னா மொத்தத்தையும் கட்டித் தூக்கிக்கிட்டு வந்து என் சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல வைக்கறே."

"ஏம்மா?" என்றாள் பல்லம்மா. "அப்பா ஆசை ஆசையா சேத்தது."

"சேத்தாரு. தொடைச்சது யாரு? மெத்துன்னு துணி, ஈரம் படக் கூடாது, கண்ணாடில விரல் படக் கூடாது. ஜுரம் அடிச்சாலும் தொடைக்கணும். இத்தனை கேமரா இருந்துச்சே, ஒண்ணுலயாவது ஃபிலிம் போட்டாரா? போட்டா மதிப்பு போயிடுமாம். உங்க ரெண்டு பேரையும் ஸ்டூடியோக்காரன் எடுத்தான். என்னைக் கல்யாணத்தன்னிக்கு யாரோ எடுத்ததோட சரி. நான் சிரிச்சா எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது."

அம்மா தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஆனா நீயும் அவரும் சைக்கிள்ல கிளம்பிடுவீங்க. இவன் இடுப்புல அழுதுக்கிட்டிருப்பான். நான் ஜன்னல்ல நின்னு, இன்னிக்காவது வெறுங்கையோட வரட்டும்னு நெனச்சுப்பேன். ஒரு நாள் வந்ததில்ல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"உங்கிட்டயா? நீ உள்ள வரும்போது முதல்ல யாரைப் பாப்பே, என்னையா, அலமாரியையா?"

பல்லம்மாவின் கணவர் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி எழுந்து போய் மனைவியின் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்தான். அவள் அழவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். சனிக்கிழமை மதியத்தில் அவளுக்கு வேலை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

வீடு திரும்பும்போது பைகளைப் பல்லம்மாவே தூக்கிக்கொண்டாள். கணவர் வாங்க வந்தும் கொடுக்கவில்லை. அந்த ஞாயிறு அவள் சந்தைக்குப் போகவில்லை. போகாமல் வீட்டிலும் இருக்க முடியவில்லை. தராசுகளை ஒரு அலமாரித் தட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாள். கைப்பிடிகளைத் தரையில் பரப்பி மறுபடி அடுக்கினாள். அம்மா ஜன்னலில் நின்ற ஞாயிறுகளில் தான் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்துகொண்டு திரும்பிக்கூடப் பார்த்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த நினைவை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை சலவைக் கடைக்குப் போனாள். கவுண்டருக்குப் பின்னால் நீராவி பொங்கிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி துணிகளில் நம்பர் சீட்டைக் குத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள், முன்னால் நின்றவரின் கோட்டை வாங்கி, பைகளைத் துழாவி, ஒரு சாவியை எடுத்து அவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் பேசினாள்.

"சொல்லுங்க அண்ணி."

"தப்பு பண்ணிட்டேன்மா. உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மனசுல வெச்சுக்காதே."

"நீங்க என்னைத் திருடின்னு சொல்லியிருந்தாகூட இப்படி இருந்திருக்காது." அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். "எங்க வீட்டுச் சாமான்னு சொன்னீங்க பாருங்க, அதுதான். அந்த அலமாரிங்க வந்தப்ப எங்க சாப்பாட்டு மேஜைய வித்துட்டுத்தான் சின்ன மேஜை வாங்கினோம். அத்தையை ராத்திரி பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போகும்போது ரெண்டு பேருமா சேந்து நடக்க இடம் கிடையாது. ஒரு தடவை அத்தை முழங்கால்ல இடிச்சுக்கிட்டாங்க. நீங்க வந்தீங்க. கண்ணாடி விரிசல் விட்டிருக்கான்னு பாத்தீங்க."

பல்லம்மாவுக்கு அது நினைவிருந்தது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தான் பெருமூச்சு விட்டதும் நினைவிருந்தது.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டா நீங்க நிம்மதியாப் போயிடுவீங்க. எனக்கு இப்ப வாய் வரல. ஒண்ணு பண்ணுங்க. இன்னும் நெறைய இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை அத்தையை நீங்களே சந்தைக்குக் கூட்டிட்டுப் போங்க. என்னால இனிமே தூக்க முடியாது."

பின்னால் ஆள் வந்து நின்றதால் பல்லம்மா நகர்ந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் கணவர் ஒரு வேன் பிடித்தார். அலமாரிகளில் மிச்சமிருந்ததும் பல்லம்மா திரும்ப வாங்கியதும் எல்லாம் அட்டைப்பெட்டிகளில் ஏறின. தொப்பிக்காரர் கதையைக் கேட்டுவிட்டு, தன் தார்ப்பாயில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தார். "என்ன பல்லம்மா, ஒரே சரக்கை எங்கிட்ட வாங்கி எங்கிட்டயே விக்க வரீங்க. இந்த வியாபாரத்தை எனக்கும் கத்துக் குடுங்க" என்றார். பல்லம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா சிரித்தாள்.

அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். இவ்வளவு காலத்தில் அம்மா சந்தைக்குள் காலெடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை. இதற்காகவா இவ்வளவு ஆட்டம் என்பதுபோல இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு வியாபாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். விலை கேட்டவர்களிடம் அம்மா திருப்பி ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல படம் எடுப்பீங்களா?"

காலர் வைத்த கோட்டு போட்ட ஒருவர், பூதக்கண்ணாடியும் கையுமாக இரட்டைக்கண் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மாவைக் குளிர வைக்க நினைத்து, "படமா? தொடவே மாட்டேன்மா. கண்ணாடிப் பெட்டியில பத்திரமா வெச்சுப்பேன்" என்றார். அம்மா அவர் கையிலிருந்து கேமராவை மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள். "அப்ப வேணாம், விடுங்க." தொப்பிக்காரர் தொப்பிக்கு மேலேயே தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கேமராவை அம்மா ஒரு புதுக் கல்யாண ஜோடிக்குக் கொடுத்தாள். ஃபிலிம் எங்கே கிடைக்கும் என்று அவர்கள் தொப்பிக்காரரிடம் கேட்டுக்கொண்டார்கள் என்பதே காரணம்.

பல்லம்மாவுக்குக் கடைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பழக்கம் இல்லை. எதிர் வரிசையில் யாரோ மூட்டை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. பித்தளை பித்தளையில் உரசியது. தராசாக இருக்கும். கழுத்து தானாகத் திரும்பியது. எழுந்திருக்கப் பார்த்து, அம்மாவின் முழங்காலைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தாள். ஒரு பெண்மணி வந்து, பழுப்புத் தோலுறைக் கேமராவை எடுத்தாள். சாம்பல் பொத்தானை விரலால் நிமிண்டினாள்.

"இந்தப் பொத்தான் இதோடது இல்ல போலிருக்கே?"

"இல்ல" என்றாள் பல்லம்மா. "அது பின்னால தைச்சது."

அம்மா தன் கேள்வியைக் கேட்கவில்லை. தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, இது உன் பாடு என்பதுபோல இருந்தாள். பல்லம்மாவே கேட்டாள். "இதுல படம் எடுப்பீங்களா?"

"தெரியல. வேலை செஞ்சா எடுத்துப் பாக்கணும்."

பல்லம்மா கொடுத்தாள். கேமராவின் வாரைப் பிடித்திருந்த தன் விரல்கள் விடாமல் இருந்ததை, அந்தப் பெண்மணி லேசாக இழுத்த பிறகுதான் உணர்ந்தாள். அவள் கூட்டத்தில் போய் மறையும்வரை பல்லம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் திரும்பக் கேட்கலாம் என்று கால் துடித்தது. கேட்கவில்லை.

விற்காமல் மிஞ்சியதைத் தொப்பிக்காரர் எடுத்துக்கொண்டார். அலமாரிகளை அந்த வாரமே தம்பி கழற்றி, ஒரு மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டான். மனைவியிடம் அவன் என்ன பேசினான், எப்படிச் சமாதானம் செய்தான் என்பது பல்லம்மாவுக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் இல்லை.

அடுத்த முறை போனபோது அம்மாவின் அறையில் ஒரு கட்டிலும் இரண்டு நாற்காலிகளும் மட்டும் இருந்தன. அலமாரி நின்ற இடங்களில் சுவர் புதுசாக, கட்டம் கட்டமாக வெளுத்திருந்தது. பேசினால் குரல் திரும்பி வந்தது. அம்மா ஜன்னலோர நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"உக்காரு."

பல்லம்மா உட்கார்ந்தாள். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. அம்மாவைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. காது மடல் ஓரம் ஒரு சின்ன மச்சம் இருந்தது, அது எப்போதிலிருந்து இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கலாம் என்று நினைத்தாள். அதற்குள் கண் வழுக்கிக்கொண்டு சுவருக்குப் போயிற்று. கதவுக்கு மேலே ஒரு சின்னப் பலகை அடித்தால்...

"சுவத்தைப் பாக்காதே" என்றாள் அம்மா.

"பாக்கலம்மா."

"அளவு எடுத்துக்கிட்டிருந்தே."

தம்பி மனைவி இரண்டு கோப்பை டீயோடு வந்தாள். வைக்க மேஜை இல்லாததால் ஒன்றை அத்தையின் கையிலும் ஒன்றை நாத்தனாரின் கையிலும் கொடுத்தாள். "சர்க்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன்" என்று பொதுவாகச் சொன்னாள். பல்லம்மாவுக்குச் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பல்லம்மா அப்படியே ஒரு வாய் குடித்தாள். தம்பி மனைவி அறையின் குறுக்கே, யாரையும் எதையும் இடிக்காமல், நேராக நடந்து வெளியே போனாள்.

அம்மா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. பல்லம்மாவின் வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது. கையால் அழுத்திப் பிடித்துப் பார்த்தாள், கையும் சேர்ந்து ஆடியது. எழுந்து போய்விடலாமா என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனாலும் டீ ஆறிப்போகும்வரை அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.